சவுலின் நாட்களில் ஒரு தார்க்குச்சி

பூணுக்குக் கீழே துடைத்தோமா இல்லையா என்ற சந்தேகம் தீர்சாவுக்கு வந்தபோது தார்க்குச்சி அவள் கையைவிட்டுப் போயிருந்தது. பெலிஸ்தியக் கொல்லன் வீட்டுச் சுவரோரம், மலையூர்ப் பெண்கள் கொண்டுவந்து போட்ட கொழுக்களோடும் கோடாலிகளோடும் அரிவாள்களோடும் அதுவும் சாய்ந்து நின்றது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், அது நினைவிருக்கிறது. பிறகு மணல் போட்டும் தேய்த்தாள். ஆனால் மரக்கம்பும் இரும்பு முனையும் சேருகிற இடத்தில் ஒரு வளையம் இருக்கிறதே, அந்தப் பூணுக்கு அடியில் நகத்தை விட்டுச் சுரண்டினாளா? சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான் பிள்ளை அழுதது. பிள்ளை அழுதால் மார் கனக்கும், மார் கனத்தால் கை செய்கிற வேலையை அப்படியே போட்டுவிடும், பிறகு எங்கே விட்டோம் என்று யாருக்கு ஞாபகம். அங்கே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். இருக்கலாம். இருந்தால் மாட்டு ரத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம், தார்க்குச்சி மாட்டைக் குத்தத்தானே இருக்கிறது. ஆனால் முனை மடங்கியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது. எந்த மாட்டுத் தோலிலும் இரும்பு முனை அப்படி மடங்காது, செம்புக் கேடயத்தில் பட்டால்தான் மடங்கும், அது தீர்சாவுக்குத் தெரியும், இரும்பிலேயே பிறந்து வளர்ந்த கொல்லனுக்குத் தெரியாதா. போன அறுப்புக்கு மேலக்காட்டுப் பெண் ஒருத்தி கொண்டுவந்த கோடாலியின் வாயில் செம்புப் பொடி ஒட்டியிருந்தது என்று இங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவள் இன்னும் மலையேறி வரவில்லை. அவளுடைய பிள்ளைகள் அடுத்த வீட்டில் சாப்பிடுகின்றன.

ஆண்டவரே, இந்த நிழலுக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டாள். பயம் வரும்போது இப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கி நன்றி சொல்வது பிரசவத்தின்போது அவளே கண்டுபிடித்த வழி, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கையில் கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொன்னாள், தண்ணீருக்கு, கயிற்றுக்கு, வாசலில் கத்திய ஆட்டுக்கு. இந்த அத்திமர நிழலுக்கு நன்றி. மடியில் தூங்குகிறவனுக்கு நன்றி, ஈரமான அவன் கழுத்து மடிப்புக்கு நன்றி. பக்கத்தில் மாகா அக்கா உட்கார்ந்திருப்பதற்கு நன்றி. மாகா அவளுக்கு ஓரகத்தி, யாமினுடைய அண்ணன் பெண்டாட்டி. பெண்டாட்டி என்று இன்னும் சொல்லலாமா. அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டாவது வாற்கோதுமை விளைந்துவிட்டது. அவர் முனைதான் எங்கள் ஊரிலேயே கூர் என்று மாகா அப்போது பீற்றிக்கொள்வாள், கூரான முனைக்காரனைத்தான் முதல் வரிசையில் நிறுத்துவார்கள், முதல் வரிசையில்தான் அவரும் விழுந்தார். அதற்குப் பிறகு மாகா எதைப் பற்றியும் பீற்றிக்கொள்வதில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி. துருத்தி மூச்சு விட்டது, உலை சிவந்தது, கொல்லன் அஸ்கா ஒரு கொழுவைக் குறட்டால் பிடித்துத் திருப்பிக்கொண்டே வரிசையில் முதலில் நின்றவளைக் கேட்டான். "வீட்டுக்காரரு வரலியா?" அவள் சொன்னாள், "ஆடு மேய்க்கப் போயிருக்காரு." அடுத்தவளும் அதையே சொன்னாள். மலையிலிருந்து இறங்குகிற எல்லாப் பெண்ணும் அதைத்தான் சொல்வாள், வழியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருகிற வாக்கியம் அது. அஸ்கா சம்மட்டியைத் தூக்கியபடியே சொன்னான், "உங்க மலையில ஆளுக்கு ஆயிரம் ஆடு இருக்கும் போல. ஒரு துண்டு கறி கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்க." பெண்கள் சிரித்தார்கள். தீர்சாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரோரம் நின்ற தார்க்குச்சியைப் பார்த்தாள்.

எதிரியிடமே போய்த் தீட்டிக்கொண்டு வந்து எதிரியோடு சண்டை போடுகிற ஜனம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா. மலைமேல் ஒரு கொல்லன் கிடையாது, பெலிஸ்தியர் வைக்க விடமாட்டார்கள், வைத்தால் வாள் அடித்துவிடுவோமாம். மொத்தச் சேனைக்கும் வாள் இரண்டே இரண்டு, ராஜா கையில் ஒன்று, அவர் மகன் யோனத்தான் கையில் ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் கோடாலியும் தார்க்குச்சியும்தான். அப்படியும் நிற்கிறார்கள், கிழக்கே மோவாபோடு நின்றார்கள், தெற்கே அமலேக்கோடு நின்றார்கள், மேற்கே இவர்களோடு நின்றுகொண்டே இருக்கிறார்கள். சவுல் ராஜாவாக வந்த நாளிலிருந்து ஒரு வருஷமாவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ராஜாவைக் குறை சொல்ல தீர்சாவுக்கு மனம் வருவதில்லை. அவர் இல்லாவிட்டால் களத்துமேடே இருந்திருக்காது. அவரைத் தேர்ந்தெடுத்த அன்று அவள் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தாள், சின்னப் பிள்ளை. சீட்டில் பெயர் விழுந்துவிட்டது, ஆளைக் காணவில்லை. கடைசியில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தவரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். எல்லார் தலைக்கும் மேலே அவர் தலை தெரிந்தது. அப்பா தோளில் இருந்ததால் அவளுக்கு மட்டும் அவர் முகம் நேருக்கு நேராகத் தெரிந்தது, ராஜா முகம் போலவே இல்லை, கசப்பு மருந்தோடு வருகிற வைத்தியனைக் கண்ட பிள்ளையின் முகம், இல்லை, அதுவும் இல்லை, அழைத்துப் போக வந்துவிட்டார்கள் என்று தெரிந்த முகம். அந்த முகத்தைப் பிறகு வேறு யாரிடமோ பார்த்தோமே என்று யோசித்தாள். யாமினிடம்தான். வண்டி சாய்ந்த அன்று.

பலசாலியாக ஒருவன் கண்ணில் பட்டுவிட்டால் ராஜா விடமாட்டார், சேர்த்துக்கொள்வார், அவருடைய ஆட்சியில் அது ஒரு சட்டம் மாதிரி, மழை மாதிரி. அதனால் ராஜா வழியில் வருகிறார் என்று தெரிந்தால் ஊர் ஆண்கள் முதுகைக் கூனிக்கொள்வார்கள், இருமுவார்கள், ஒரு காலை இழுத்து நடப்பார்கள். பிறக்கிற பையன்களுக்கெல்லாம் தாய்மார் நோஞ்சான் என்றே பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். ஒரே தெருவில் ஏழெட்டு நோஞ்சான்கள் கன்றுக்குட்டிபோல் துள்ளுவார்கள். யாமினுக்கும் கூன் போடத் தெரியும், அன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் ஓரமாக நின்றான், இருமல்கூட நன்றாக வந்தது. ராஜா ஊரைக் கடந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்ச்சரிவில் ஒரு கிழவனுடைய வண்டி சாய்ந்து சக்கரத்துக்கு அடியில் அவன் கால் மாட்டிக்கொண்டது. யாமின் கூனை மறந்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு. போய் வண்டியைத் தோளில் ஏந்தி நிமிர்ந்தான். தூக்கியபிறகுதான் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்தது, வண்டியைக் கீழே வைக்கவும் முடியாமல் அப்படியே நின்றான், தீர்சாவைத் தேடிய அந்த முகம்தான் அது. அவள் வயிற்றில் அப்போது பிள்ளை. ராஜா கோபமாக ஒன்றும் பேசவில்லை, யாமின் தோளில் கை வைத்தாராம், கை நடுங்கியது என்று யாமின் சொன்னான், என்னைவிட அவருக்குத்தான் பயம் தீர்சா, என்று சொன்னான். அன்றைக்குக் கிளம்பியவன்தான். பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இருக்கிறான். இருக்கிறானே, அதற்கு நன்றி, முந்தாநாள் காலில் அடிபட்டு ஊர் திரும்பிய ஒருவன் கையில் தார்க்குச்சியைக் கொடுத்து, தீட்டி அனுப்பச் சொல் என்று சொல்லிவிட வாய் இருக்கிறதே யாமினுக்கு, அதற்கு நன்றி. நாளைக்குக் காலையில் பாளையத்துக்கு ரொட்டியும் வறுத்த கோதுமையும் போகிறது, அதோடு தார்க்குச்சியும் போயாக வேண்டும். கணவாயில் இந்தப் பக்கம் நம் ஆட்களும் அந்தப் பக்கம் பெலிஸ்தியரும் கூடாரம் போட்டிருக்கிறார்களாம். தளபதி வரிசையாக வந்து ஒவ்வொரு முனையிலும் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாராம். கிழித்தால் வரிசையில் நில். கிழிக்காவிட்டால் மூட்டைக்குப் போ. மூட்டைக் காவலுக்குப் போகிறவனை மற்றவர்கள் என்னென்னவோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், மூட்டைக்காரி என்று சேலை கட்டிவிடாத குறையாக. யாமினுக்கு ரோஷம் ஜாஸ்தி. முனை மடங்கிய மறுநாளே அனுப்பிவிட்டான் பார். பூணுக்குக் கீழே துடைத்தோமா.

"குடு தாயி, கொஞ்ச நேரம் நான் வச்சுக்கிறேன், உன் கை வேர்த்து வழியுது." கொல்லன் பெண்டாட்டி ஒரு குவளைத் தண்ணீரோடு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஏன் என்று நினைப்பாள். சரி என்றால் பிள்ளை அவர்கள் கையில். தீர்சா கொடுத்தாள். கொடுத்த பிறகு மடி இவ்வளவு லேசானதா என்று இருந்தது, ஆண்டவரே, ஆண்டவரே, தண்ணீருக்கு நன்றி, குளிர்ந்த தண்ணீருக்கு நன்றி. "பேரு என்ன?" "நோஞ்சான்." அந்த அம்மாள் பிள்ளையை ஒரு தடவை மேலே தூக்கி இறக்கினாள். "நோஞ்சானா? இந்தக் கனம் கனக்குறான். என் இடுப்பு போயிரும் போலிருக்கு." பிள்ளை விழித்துக்கொண்டது, அழவில்லை, அவளுடைய மூக்குத்தியைப் பிடித்தது. பல் முளைக்கிற நேரம், எதைப் பிடித்தாலும் வாய்க்குக் கொண்டுபோகும். "பல்லு வருதா? எம்மவனும் இப்படித்தான், கையில அகப்பட்டதையெல்லாம் கடிப்பான், அவுங்கப்பா இரும்புக் குறட்டைக்கூட விட்டுவைக்க மாட்டான்." தீர்சாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "இப்ப எங்க இருக்காரு உங்க மகன்?" துருத்தி ஒரு மூச்சு விட்டு நின்றது. அந்த அம்மாள் கணவனைப் பார்க்காமல், மலையையும் பார்க்காமல், பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அவனும் ஆடு மேய்க்கத்தான் போயிருக்கான் தாயி. அந்தக் கணவாய்ப் பக்கம்." யாரும் சிரிக்கவில்லை. உலையில் கரி ஒன்று வெடித்தது. கணவாய்ப் பக்கம். ஒரே கணவாய்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கோடு, பூணுக்குக் கீழே இருக்கிறதோ இல்லையோ என்று காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த கோடு, அது யாருடையது. இதுவரை அவள் அதை ரத்தம் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள், ஒரு ஆளுடையது என்று நினைக்கவில்லை. இந்த வீட்டில் குறட்டைக் கடித்த வாய். இந்த அம்மாள் தேய்த்த கால். இருக்காது. கணவாயில் எத்தனையோ பேர். எத்தனையோ பேருக்கும் இப்படி ஒரு அம்மாள். இந்த மனுஷனிடமே கொடுத்து, கூராக அடி, உன் மகன் நிற்கிற இடத்துக்குத்தான் இது நாளைக்குப் போகிறது என்று கேட்க வந்திருக்கிறோமே என்று நினைத்தபோது மார் திடீரென்று கசிந்தது, துணி நனைந்தது, பிள்ளை அழாமலே.

எழுந்து போய் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தார்க்குச்சியையா, பிள்ளையையா, இரண்டு கையும் எட்டாது. அதற்குள் அஸ்கா, தீர்சா தார்க்குச்சியோடு கொண்டுவந்த அரிவாளை முடித்துவிட்டுத் தார்க்குச்சியை எடுத்துவிட்டான். முனையைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மடங்கின இடத்தைத் தடவினான். பிறகு பூணைத் தள்ளி அதற்குக் கீழே கட்டைவிரல் நகத்தை விட்டு இழுத்தான். நகத்தைப் பார்த்தான். மாகா அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்சாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏம்மா, இது என்ன மாடு?" என்று கேட்டான் அஸ்கா. "உழவு மாடு." தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ரொம்ப முரடோ?" "முரடுதான்." "எத்தனை மாடு?" "ஒத்தை மாடுங்க." சொன்ன பிறகுதான் ஒற்றை மாட்டில் யார் உழுவார்கள் என்று உறைத்தது. அதன் ஜோடியை ராஜாவின் ஆட்கள் மூட்டை சுமக்க ஓட்டிப் போய்விட்டார்கள் என்பதை இங்கே சொல்ல முடியுமா. அஸ்கா அவளைப் பார்த்தான். பிறகு தன் பெண்டாட்டியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தான், அது அவளுடைய சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே, தெருக்கோடியில், காவல் வீடு இருக்கிறது. ஒரு சத்தம் போட்டால் போதும். அவன் சத்தம் போடவில்லை. குறட்டால் பிடித்து முனையை உலைக்குள் விட்டான். சிவந்ததும் பட்டடைக்கல்லில் வைத்து அடித்தான், ஆனால் பக்கவாட்டில் அடித்து நீட்டவில்லை, நுனியின் மேலேயே அடித்தான், மெதுவாக, ஆணித்தலையைத் தட்டுவதுபோல. பிறகு அரத்தை எடுத்துச் சுற்றிச் சுற்றி ராவினான். தண்ணீரில் விட்டதும் சீறியது. கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். கூர் இல்லை. நுனி ஒரு ஒலிவக் கொட்டை அளவுக்கு உருண்டு வழவழவென்று இருந்தது. "மாட்டுக்கு இது போதும்மா," என்றான். "பட்டா வலிக்கும். தோல் கிழியாது." பிறகு, அவள் ஏதோ சொல்லிவிடுவாள் என்று பயந்தவன் போல அவசரமாக, "அரிவாளை நல்லா தீட்டியிருக்கேன். வயலை வந்து பாக்காமலே சொல்றேன், இந்த அறுப்பு முழுக்கத் தாங்கும். பிள்ளைய வாங்கிக்க, வெயில் ஏறுது." அந்த அம்மாள் பிள்ளையைக் கொடுக்கும்போது உச்சந்தலையில் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஏறும்போது முதல் திருப்பம் வரை ஒன்றும் தோன்றவில்லை, பின்னால் யாராவது வருகிறார்களா என்று காது மட்டும்தான் இருந்தது. யாரும் வரவில்லை, நன்றி. இரண்டாவது திருப்பத்தில் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டான். கூலியை வாங்கிக்கொண்டு மொக்கையாக்கிவிட்டான், நாளைக்கு யாமின் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வான், பட்டா வலிக்குமாம், பெலிஸ்தியனிடம் போய் வலிக்குதா என்று கேட்பானா. பாதி மலையில் சுனை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு கல். எத்தனையோ பேர் கீழே தீட்டியது போதாதென்று இங்கே உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து அதில் கால்வாய் மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறது. இரும்பு மெத்தென்றுதான் இருக்கும், பொழுது சாய்வதற்குள் கூராக்கிவிடலாம். அவள் உட்கார்ந்தாள். பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினாள். நுனியைக் கல்லில் வைத்தாள். வைத்ததும் தளபதியின் பெருவிரல் ஞாபகம் வந்தது. கிழித்தால் வரிசையில் நில். கிழிக்காவிட்டால். அவள் கை நின்றுவிட்டது. கிழிக்காவிட்டால் மூட்டைக்குப் போ. ராஜாவே ஒரு காலத்தில் ஒளிந்திருந்த இடம். சாக்குகளுக்கும் ரொட்டிக் கூடைகளுக்கும் நடுவில், எங்கள் வீட்டு மாடும் அங்கேதான் நிற்கும், அதற்குப் புல் போட்டுக்கொண்டு, சண்டைச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு ஒருவன். கொல்லனுக்கு அந்தப் பெருவிரல் தெரியுமா, தெரியாது, தெரிய நியாயமில்லை, அவன் தன் பிள்ளைக்காகத்தான் உருட்டினான். உருட்டினதில் என் பிள்ளையின் அப்பனும் சேர்ந்துவிட்டான். ஆனால் வரிசை உடைந்து மூட்டை வரைக்கும் வந்துவிட்டால்? வரலாம். அப்போது கையில் இந்த உருண்டை மட்டும்தான் இருக்கும். அந்தப் பயம் எங்கும் போகவில்லை, நெஞ்சுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. நாளைக்கு இதைக் கூராக்கி அனுப்பினால் மட்டும் அது போய்விடுமா என்றும் நினைத்தாள்.

மாகா அக்கா சுனையில் முகம் கழுவிவிட்டு வந்து அவளையும் கல்லையும் பார்த்தாள். "தேய்க்கலியாட்டி?" மாகா குனிந்து நுனியில் தன் பெருவிரலை வைத்து அழுத்தினாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள், எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லை. "என் கொழுந்தன் உன்னை வையப் போறான்." "வையட்டும்." "அங்க எல்லாரும் அவனைப் பாத்துச் சிரிப்பாங்க. மூட்டைக்காரிம்பாங்க." "சிரிக்கட்டும் அக்கா." மாகா சும்மாடு சுருட்டிக்கொண்டாள். பிறகு தன் சுமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள், "எங்க வீட்டுக்காரரைப் பாத்து ஒருத்தன் சிரிச்சதில்ல." முன்னால் நடக்கத் தொடங்கினாள். தீர்சா கல்லின் பள்ளத்தில் கிடந்த தண்ணீரைக் கையால் வழித்துக் கொட்டினாள். மடியிலிருந்த பிள்ளை எட்டித் தார்க்குச்சியைப் பிடித்தது. காலையில் இறங்கும்போது அதன் பக்கமே அவனை விடாமல் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு வந்தாள். பிடுங்கக் கை போயிற்று, பாதியில் நின்றது. அவன் உருண்ட நுனியை இரண்டு கையாலும் இழுத்து வாயில் வைத்து, முளைக்கிற பல்லால் நெறுநெறுவென்று கடித்தான். எச்சில் ஒழுகி அவள் முழங்கையில் விழுந்தது. விரலை விட்டு அவன் ஈறைத் தடவிப் பார்த்தாள். எங்கும் கிழியவில்லை.